படப்பிடிப்பு வந்துபோகும் ஊரில் படத்தொழில் ஏன் தங்குவதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொங்குப் பகுதியிலுள்ள உங்கள் சிற்றூருக்கு ஆண்டுதோறும் படப்பிடிப்புக் குழுக்கள் வருகின்றன. அந்த நாள்களில் கடைவீதி வெறிச்சோடி, ஊரே கேமராவைச் சுற்றி நிற்கிறது. அக்கம்பக்கத்தில் சேலத்திலும் கோவையிலும் ஒரு காலத்தில் முழுப் படங்களே தயாராயின என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இத்தனை ஆர்வம் இருந்தும் உங்கள் ஊரில் படத்தொழில் ஏன் தங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சேர்த்ததுபோல, நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுக்கவிருப்பதாகவும், உள்ளூர்க்காரர் ஒருவர் பணம் போட முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதல் கேள்வியின் விடை தெளியாமல் இரண்டாவதில் இறங்கிப் பணத்தை இழந்தவர்கள் நிறைய உண்டு என்பதால் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் படைப்பாளி அல்லன். கோவை ஏரியாவில், அதாவது பட விநியோகத்துக்காகப் பிரித்த கோவை வட்டாரத்தில், படங்களை வாங்கி வெளியிடும் விநியோக அலுவலகம் ஒன்றில் வேலையைத் தொடங்கி, பின்னர் வெளிப்புறப் படப்பிடிப்புகளுக்குத் தயாரிப்பு நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகவே கதையைப் பற்றியும் நடிப்பைப் பற்றியும் என் பேச்சுக்கு எடை குறைவு; பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற அளவில் நம்பினால் போதும். கீழே வரும் பழைய செய்திகள் திரைப்பட வரலாற்றில் நன்கு பதிவானவை. அவற்றுக்கு நான் காட்டும் காரணங்களில் சில என் ஊகம். அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

படம் பார்க்கும் ஆர்வமும் படம் எடுக்கும் தொழிலும் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அந்தப் பெயர்தான். முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளியானது. அதுவும் பம்பாயில் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தமிழ்ப் படங்களுக்காக நடிகர்களும் பாடகர்களும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப் போனார்கள். ஆக, சிற்றூர்களின் ஜனங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் படம் பார்த்துப் பழகிய பிறகுதான் தமிழ் மண்ணில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோக்கள் எழுந்தன. பார்வையாளர்களுக்குப் படம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை. தொலைவிலிருந்து வந்தது என்பதே அதன் கவர்ச்சியில் பாதி.

விநியோக அலுவலகத்தில் இருந்தபோது இதை நான் தினமும் பார்த்தேன். ஃபிலிம் பிரதிகளின் காலத்தில், ஒரு படத்துக்குப் போடப்படும் பிரதிகள் குறைவு. அவை முதலில் பெரிய நகரங்களில் ஓடி, பிறகு நடுத்தர ஊர்களுக்குப் போய், கீறல் விழுந்து, ஒட்டுப்போட்டு, கடைசியில்தான் டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். திரையரங்குகளை ஒழுங்குபடுத்தும் 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் 1957-ஆம் ஆண்டு விதிகளும் நிரந்தர அரங்கு, அரை நிரந்தர அரங்கு, டூரிங் என்று தனித்தனி உரிமம் வகுத்திருந்தன. டூரிங்குக்கு உரிமம் குறுகிய காலத்துக்கே கிடைக்கும். இந்தத் தாமதத்துக்குள் பாட்டு ரேடியோவில் வந்துவிடும், பாட்டுப் புத்தகம் விற்றுவிடும், பக்கத்து டவுனில் பார்த்துவிட்டு வந்தவன் கதையைச் சொல்லிவிடுவான், சுவரொட்டி ஒட்டிய வண்டி மைக்கோடு தெருவைச் சுற்றிவிடும். படப்பெட்டி வந்து இறங்கும் நாளில் ஊர் கொண்டாடியதற்குக் காரணம் அந்த ஒரு படம் மட்டுமல்ல. தமிழ்நாடு முழுவதும் பார்த்துவிட்ட ஒன்றில் தாமும் கடைசியாகச் சேர்ந்துகொண்டோம் என்ற நிறைவும் அதில் இருந்தது. ரசிகர் மன்றங்களின் வேகத்தையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உங்கள் ஊரில் கேமராவைச் சுற்றி நிற்கும் கூட்டமும் இதே உணர்வின் தொடர்ச்சிதான். வெளியூரிலிருந்து வந்த பெரிய ஒன்று தம் தெருவைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்க்க வருகிறார்கள். அதே கூட்டம் உங்கள் படத்தைப் பார்க்கவும் வரும் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு.

அப்படியானால் சேலமும் கோவையும் எப்படிப் படம் எடுத்தன? அங்கே ஆர்வத்தைவிட முதலீடுதான் முன்னால் நின்றது. கோவையில் 1935-இல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோவுக்குப் பின்னால் பஞ்சாலை முதலாளிகளின் பணம் இருந்தது, வின்சென்டும் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் அதில் பங்காளிகள். 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகியது அனைவரும் அறிந்தது. ஸ்டுடியோ விளக்குகள் மின்சாரத்தை விழுங்குபவை என்பதால், ஆலைகளுக்கு வந்த அதே மின்சாரம் ஸ்டுடியோவுக்கும் வழிவிட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்து, கருணாநிதி வசனம் எழுதி 1947-இல் வெளியான ‘ராஜகுமாரி’ இந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. பின்னர் நாயுடு பட்சிராஜா ஸ்டுடியோவைத் தனியாக நடத்தினார். 1954-இல் அவர் எடுத்த ‘மலைக்கள்ளன்’ பல மொழிகளில் மறுபடியும் எடுக்கப்பட்டது. இந்தி வடிவத்தில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். இந்தி நட்சத்திரங்கள் கோவைக்கு வந்து நடித்துவிட்டுப் போன காலம் அது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

சேலத்துக் கதை இன்னும் தெளிவான பாடம். டி. ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். முதல் படமான ‘சதி அகல்யா’ 1937-இல் வந்தது. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் வெளியானதும், முதல் முழுநீளத் தமிழ் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வெளியானதும் இந்த நிறுவனத்திலிருந்துதான். மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அந்த இடத்தைப் பற்றிப் பழைய தொழிலாளர்கள் சொல்லிக் கேட்டவர்கள் யாவரும் முதலில் குறிப்பிடுவது கலையை அல்ல, நேர ஒழுங்கைத்தான். ஆலையைப் போலவே சங்கு ஊதியதும் வேலை, மாதச் சம்பளம், நடிகர் முதல் தச்சர் வரை எல்லோரும் ஒரே வளாகத்தில், ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செட் எழும்பிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. ஒரு படம் தோற்றால் அடுத்த படம் அதைச் சுமக்கும். சிறிய நகரத்தில் படத்தொழில் நின்றது என்றால் இப்படித்தான் நின்றது: ஓர் ஆண்டில் பல படங்கள், ஒரே முதலாளி, ஊரிலேயே குடியிருக்கும் தொழிலாளி. சுந்தரம் 1963-இல் மறைந்தார். அதன் பிறகு நிறுவனம் சில காலம் படமெடுத்தாலும் பழைய நிலை திரும்பவில்லை. இன்று அவ்விடத்தில் அடையாளமாக மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு.

ஏன் எல்லாம் சென்னைக்குப் போயிற்று என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்து, 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தை அங்கேதான் எடுத்தார். வெற்றி கிடைத்த கையோடு 1948-இல் கோடம்பாக்கத்துக்கு மாறிவிட்டார். ஓடாத படத்தால் ஊரைவிட்டுப் போனவர் அல்லர் அவர். நடிகர்கள், இசைக்குழுக்கள், வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா ஃபிலிமைக் கையாளும் நிறுவனங்களின் கிளைகள், பின்னாளில் வண்ணப் படச்சுருளைக் கழுவும் லேப்கள் என்று ஒவ்வொன்றாகச் சென்னையில் சேர்ந்தன. எடுத்ததைக் கழுவிப் பார்க்காமல் செட்டைப் பிரிக்க முடியாது. கழுவுவதற்கு ஒவ்வொரு முறையும் ரயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், செட்டுக்கும் ஆட்களுக்கும் வாடகையும் சம்பளமும் ஓடிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் உறுதியான காரணங்கள். இவற்றைவிடப் பெரியது நட்சத்திரங்களின் கால்ஷீட் என்பது என் கருத்து. இதை நிறுவ என்னிடம் கணக்கேடு கிடையாது. மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தில் இருந்த நடிகர், காலையில் ஒரு படம், மாலையில் வேறொரு படம் என்று நடிக்கத் தொடங்கியபோது, அவர் குடியிருக்கும் நகரத்துக்கு வெளியே ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு அவரது அரை நாள்கூடக் கிடைக்காமல் போயிற்று.

அடுத்து வந்த மாற்றத்தைத்தான் உங்கள் ஊர் இன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. 1970-களின் பிற்பாதியில் கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. கிராமத்தை அப்படியே திரையில் காட்டிய முதற்சில படங்கள் ஓடிய ஓட்டத்தில், கோபிச்செட்டிபாளையமும் பொள்ளாச்சியும் படப்பிடிப்பு ஊர்களாயின. கோபிக்குச் ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்ற பட்டமே விழுந்தது. வயல், வாய்க்கால், கோபிப் பக்கம் கொடிவேரி அணை, பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, சிங்காநல்லூர் அரண்மனை போன்ற பழைய வீடுகள் என்று அந்தந்த ஊரைச் சுற்றிச் சிறிது தூரத்துக்குள் கிடைக்கும். ஒரு நாளில் மூன்று இடம் மாறி எடுக்கலாம். தயாரிப்பு நிர்வாகிக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஆனால் அந்தப் பணம் ஊருக்குள் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். லாட்ஜ், வேன், சமையல், வீட்டு வாடகை, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஏஜென்ட் வழியாகப் பேட்டா. கேமராவும் லைட்டும் ஜெனரேட்டர் வண்டியும் சென்னையிலிருந்து வரும்; அவற்றை இயக்கும் தொழிலாளர்கள் சங்க உறுப்பினர்களாகக் கூடவே வருவார்கள்; படத்தொகுப்பும் ஒலிச்சேர்ப்பும் திரும்பிப் போய் நடக்கும். ஊரில் புதிதாக ஒரே ஒரு தொழில் மட்டும் முளைத்தது: இடம் பார்த்துக்கொடுத்து, அனுமதி வாங்கி, ஆள் திரட்டும் உள்ளூர் லொகேஷன் மேனேஜர். தேர் நின்ற தெருவெல்லாம் கோயிலாகிவிடாது. படப்பிடிப்பு எத்தனை முறை வந்தாலும் அது சுற்றுலாத் தொழிலுக்கு உறவே தவிரப் படத்தொழிலுக்கு உறவல்ல.

சரி, சென்னையை நம்பாமல் ஒரு சிற்றூர் தானாகவே படம் எடுத்து, தானாகவே பார்த்த உதாரணம் உண்டா என்றால், உண்டு. மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் மாலேகான் என்றொரு ஊர். விசைத்தறிதான் அங்கே பிழைப்பு, வெள்ளிக்கிழமை தறிகளுக்கு விடுமுறை, அன்று படம் பார்ப்பது ஊர் வழக்கம். வீடியோ பார்லர் நடத்திவந்த நாசிர் ஷேக் என்பவர், 2000-ஆம் ஆண்டு வாக்கில் புகழ்பெற்ற இந்திப் படமான ‘ஷோலே’யைத் தம் ஊர்க் கிண்டலோடு மறுபடியும் எடுத்தார். நடித்தவர்கள் தறித் தொழிலாளிகளும் கடைக்காரர்களும். சைக்கிளில் கேமராவை வைத்துத் தள்ளுவார்கள், மாட்டுவண்டி நுகத்தடியைத் தூக்கி கிரேன் ஷாட் எடுப்பார்கள். படம் உள்ளூரில் ஓடியது. அதைத் தொடர்ந்து பலரும் எடுத்தார்கள். அவர்கள் ஒரு ‘சூப்பர்மேன்’ எடுத்ததைப் பற்றி ஃபைசா அகமது கான் 2008-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2024-இல் ரீமா காக்தி அதைக் கதைப்படமாகவும் ஆக்கினார்.

மாலேகானைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அந்த எளிய உபாயங்களைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு விநியோகக்காரனின் கண்; நான் பார்ப்பது வேறு. நாசிர் ஷேக் புதிய பசி எதையும் உண்டாக்க முயலவில்லை. ஊரே மனப்பாடமாக வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து, அதில் ஊர்ப் பேச்சையும் ஊர்க் குறைகளையும் நுழைத்தார். வெளியூர்ப் பெருமையின் மீது ஏற்கெனவே இருந்த ஆர்வத்தை உள்ளூருக்குத் திருப்பிவிட்டதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். அத்துடன், காட்டுவதற்கு இடமும் பார்ப்பதற்கு ஒரு கிழமையும் அவர் படமெடுப்பதற்கு முன்பே அங்கே இருந்தன. பிற்காலத்தில் அந்த ஊர் நகைச்சுவை பெரும்பாலும் யூடியூபுக்குக் குடிபெயர்ந்தது. அரங்கை நம்பிய படங்கள் குறைந்தன. மணிப்பூரிலும் இதற்கு ஒப்பான ஒன்று வேறு காரணத்தால் நடந்தது. 2000-இல் அங்கே ஓர் ஆயுதக் குழு இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது, அரங்குகள் காலியாயின, அந்த வெற்றிடத்தில் 2002 முதல் வீடியோவில் எடுத்த மணிப்பூரிப் படங்கள் அரங்கேறின. மிரட்டலால் விளைந்த சூழலை யாரும் பாராட்ட முடியாது. ஆனால் திரை காலியாக இருந்தால்தான் உள்ளூர்ப் படத்துக்கு இடம் கிடைக்கிறது என்ற கசப்பான உண்மை அதில் தெரிகிறது. உங்கள் ஊர் அரங்கில் திரை காலியாக இல்லை. டிஜிட்டல் வந்தபின் பெரிய நட்சத்திரத்தின் படம் சென்னையில் வெளியாகும் அதே காலையில் உங்கள் ஊரிலும் வெளியாகிறது.

ஆகவே அரங்கை மறந்துவிட்டு, இன்று சிற்றூர்களிலிருந்து உண்மையில் எது நிலைத்திருக்கிறது என்று பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைப்பதைக் காட்டும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலாயிற்று. கோவையிலிருந்து நக்கலைட்ஸ் குழுவினர் கொங்குப் பேச்சிலேயே குடும்பக் கதைகளைச் சொல்லித் தமிழ்நாடு முழுவதும் பார்க்கவைத்தார்கள். இவற்றைச் சினிமா என்று ஒப்புக்கொள்ள உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் அமைப்பைக் கவனியுங்கள்: ஊரிலேயே குடியிருக்கும் ஒரு நிலையான குழு, குறித்த இடைவெளியில் தொடர்ந்து வெளியீடு, ஒன்று சறுக்கினால் அடுத்தது தாங்கும் ஏற்பாடு. பழைய மாடர்ன் தியேட்டர்ஸின் ஏற்பாடு சிறிய அளவில் மறுபடியும் நடக்கிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறானது குறும்படப் பாதை. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் வந்தார்கள். அதன் பிறகு குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு ஆகிவிட்டது. தனிமனிதருக்கு அது நல்ல வழிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போவதற்காக எடுக்கும் படம் ஊரில் தொழிலை உண்டாக்காது. உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள், எத்தனை பேர் சென்னைக்குப் போக விரும்புகிறார்கள் என்பதைப் படம் தொடங்குவதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. பி. எஸ். வினோத்ராஜ் மதுரை மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுத்த ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. அத்தகைய படத்தை உங்களில் ஒருவரால் எடுக்க முடியுமா என்பதற்கு என்னிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள். அதை நம்பி வட்டிக்குப் பணம் வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

நீங்கள் எடுக்கத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, நடைமுறையில் சிலவற்றைச் சொல்கிறேன். புதியவர்கள் வாடகைக்கு எடுக்கும் கேமராவைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்கள் படங்களைக் கெடுப்பது ஒலி. இன்றைய சாதாரணக் கேமராக்களில், ஏன் நல்ல கைப்பேசியில்கூட, பார்க்கத் தகுந்த படம் வந்துவிடும். தூரத்தில் பேசுபவர் குரலும் பக்கத்தில் ஓடும் மோட்டார் இரைச்சலும் ஒன்றாகப் பதிவானால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. பெரிய படங்கள் பிறகு டப்பிங்கில் சரிசெய்துகொள்ளும்; பயிற்சி இல்லாத உள்ளூர் நடிகர் டப்பிங் அறைக்குள் போனால் முகத்தில் இருந்த உயிர் குரலில் இருக்காது. ஆகவே பணத்தில் முதல் பங்கை மைக்குக்கும், ஒலியை மட்டும் கவனிக்கும் ஒரு ஆளுக்கும் ஒதுக்குங்கள். தறிச் சத்தமோ ரைஸ்மில் சத்தமோ வராத இடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த இடங்களுக்கு ஏற்பக் கதையை எழுதுங்கள். கதையை எழுதிவிட்டு இடம் தேடாதீர்கள். சாப்பாட்டுச் செலவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: சம்பளம் வாங்காமல் நடிக்க வந்தவர் நேரத்துக்குச் சோறு வராவிட்டால் மூன்றாம் நாள் வரமாட்டார். முதல் முயற்சியே இரண்டு மணி நேரப் படமாக இருக்க வேண்டாம். கால்மணி நேரப் படங்களைத் தொடர்ந்து எடுத்துக் காட்டுங்கள், குழு அதில்தான் உருவாகும்.

சட்ட விஷயங்களில் நான் வழக்கறிஞன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், இதில் ஐயமில்லை. திருவிழா மைதானத்தில் திரை கட்டிக் காட்டுவதையும் பொதுத் திரையிடலாகவே கருதிக்கொள்வது பாதுகாப்பானது. உங்கள் சூழலுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றுவதற்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. குழந்தைகளை நடிக்கவைத்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, இடைவேளையின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலோ அவர்களை வேலை வாங்கக் கூடாது. கிராமத்துப் படம் என்றால் ஆடு மாடு இல்லாமல் இராது. தணிக்கைக்குப் போவதானால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும், எடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் அந்தக் காட்சியை வெட்ட வேண்டி வரலாம். மாலேகான் பாணியில் பழைய படத்தைக் கிண்டல் செய்வதாக இருந்தால், பாட்டையும் பின்னணி இசையையும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அதை மனிதர் புகார் செய்ய வேண்டியதில்லை; யூடியூபின் இயந்திரமே கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும்.

கடைசியாக, பணம் போட முன்வந்திருக்கும் அந்த ஊர்க்காரர். அவர் எதற்காகப் போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த அளவில் சிற்றூர்களில் இப்படி முன்வருபவர்களில் ஒரு வகையினர் பெயருக்காகப் போடுபவர்கள். திரையில் தம் பெயரும் திறப்பு விழாவில் மாலையும் கிடைத்தால் திருப்தியடைவார்கள். இன்னொரு வகையினர், விநியோகம் ஆகிவிட்டால் போட்டது இரட்டிப்பாகும் என்று யாரோ சொன்னதை நம்பியிருப்பவர்கள். முதல் வகையினரிடம் வாங்கலாம். இரண்டாம் வகையினராக இருந்தால், இந்தப் பணம் திரும்பி வர வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நட்சத்திரம் இல்லாத படத்தை ஏரியா விலைக்கு வாங்க விநியோகஸ்தர் யாரும் வரிசையில் நிற்கவில்லை, அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகும் அவர் போட்டால், கடனா, பங்கா, நன்கொடையா என்பதையும், படத்தின் உரிமையும் யூடியூப் சேனலின் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கும் என்பதையும், நண்பர்களில் ஒருவர் பாதியில் விலகினால் அவர் நடித்த, படமெடுத்த பகுதிகளை மற்றவர்கள் பயன்படுத்தலாமா என்பதையும் முத்திரைத்தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு முதல் நாள் படப்பிடிப்பை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை அடகு வைத்துத் தருகிறேன் என்பாரானால் வாங்காதீர்கள்.